உண்ணி: குளிப்பாட்டினா போகுது, நாலு நாள்ல திரும்ப வருது

#1 வாலாட்டி
லேப்ரடார் நாய்க்குட்டி, 11 வாரம், எடை 8.4 கிலோ. கோவையில தரைத்தள வாடகை வீடு, முன்னாடி கொஞ்சம் புல், பின்னாடி துவைக்கிற கல். வீட்டுல ஒரு பூனையும் இருக்கு. உண்ணி ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டினா அன்னிக்குச் சுத்தமாயிடுது. நாலாம் நாள் காது மடல்ல மறுபடியும் ஏழெட்டு. பக்கத்து வீட்டுல கற்பூரத்தைப் பொடிச்சு தேங்காய் எண்ணெயில போட்டுத் தடவச் சொல்றாங்க. மாட்டு மருந்துக் கடையில ஒரு புட்டி கொடுத்து, தண்ணியில கலந்து ஊத்தினாப் போதும்னு சொல்றாங்க. எது சரி? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 சுண்ணாம்புச்சுவர்
ரெண்டையும் அப்படியே வைங்க. நீங்க நாயை மட்டும் பார்க்குறீங்க, உண்ணி வீட்டுல இருக்கு.

நம்ம ஊர் நாய்கள் மேல பெரும்பாலும் இருக்கிறது பழுப்பு நிற நாய் உண்ணி. முட்டையிலிருந்து வர்ற குஞ்சுக்கு ஆறு கால், எள்ளைவிடச் சின்னது. அது நாய் மேல ஏறி சில நாள் ரத்தம் குடிச்சுட்டு கீழே இறங்கிடும். எங்கயாவது இடுக்குல போய்த் தோல் உரிச்சு எட்டு கால் வந்ததும் மறுபடி நாய் மேல ஏறும், குடிக்கும், இறங்கும். மூணாவது தடவை ஏறுறதுதான் முழு வளர்ச்சி அடைஞ்சது. பெண் உண்ணி வயிறு நிறைஞ்சா சாம்பல் நிறத்துல கொட்டமுத்து மாதிரி உருண்டுடும். கீழே விழுந்து, இடுக்கு பார்த்து ஆயிரக்கணக்குல முட்டை வைக்கும். 4,000 வரைக்கும் போகும்.

ஆக, அதோட வாழ்க்கையில பெரும்பகுதி நாய் மேல நடக்கிறதே இல்லை. நாலு நாள் முன்னாடி நீங்க குளிப்பாட்டினது ஒரு கூட்டத்தை. இப்ப காதுல இருக்கிறது சுவருல காத்துக்கிட்டிருந்த அடுத்த கூட்டம்.

இந்த உண்ணிக்கு மேல ஏறுற பழக்கம். தரையைத் துடைச்சுட்டு சுத்தம்னு நினைக்கிறவங்க ஏமாறுறது இங்கதான். இன்னிக்கு ராத்திரி டார்ச்சை சுவரை ஒட்டினாப்ல சாய்ச்சுப் பிடிச்சுப் பாருங்க: கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவுல உள்ள கோடு, சுவிட்ச் போர்டு ஓரம், சாமி படத்துக்குப் பின்பக்கம், திரைச்சீலை மடிப்பு, கட்டில் சட்டத்தோட அடி, கூரையும் சுவரும் சேர்ற மூலை. பழுப்பு நிறத்துல மினுங்குற சின்ன மணிக் குவியல் தெரிஞ்சா அது முட்டை. துடைப்பத்தால தட்டிவிடாதீங்க, சிதறிடும். செலோ டேப்பை ஒட்டி எடுத்து மடிச்சு சோப்புத் தண்ணியில போடுங்க.

#3 நாட்டுநாய்
கையில பிடுங்குற விதத்தையும் சொல்லிடறேன், பாதிப் பேர் தப்பாத்தான் செய்றாங்க.

தேட வேண்டிய இடம்: காது மடல் உள்பக்கம், காதுக்குப் பின்னாடி இருக்கிற சின்னத் தோல் மடிப்பு, கழுத்துப் பட்டைக்கு அடியில, அக்குள், தொடை இடுக்கு, வால் அடி, கண் இமை ஓரம். முக்கியமா கால் விரல் இடுக்கு. ஒவ்வொரு விரலையும் பிரிச்சு, உள்ளங்கால் மெத்தைக்கு நடுவுல பாருங்க. குட்டி அடிக்கடி பாதத்தைக் கடிச்சுக்கிட்டே இருந்தா முதல்ல அங்கதான்.

கூர்மையான முனையுள்ள கிடுக்கி வேணும், புருவம் எடுக்கிறது போதும். முடியை விலக்கி, உண்ணியோட வயிற்றைப் பிடிக்காம, தோலை ஒட்டி அதோட வாய்ப் பக்கமாப் பிடிங்க. அவசரப்படாம நேரா மேல இழுங்க. திருகவும் வேணாம், வெடுக்குன்னு பிடுங்கவும் வேணாம். வயிற்றை நசுக்கினா உள்ள இருக்கிறது கடிவாய்க்குள்ள போகும். எடுத்ததும் ஸ்பிரிட் இல்லைன்னா கெட்டிச் சோப்புத் தண்ணி இருக்கிற டப்பாவுல. நகத்துல வச்சு நசுக்கிறதை விட்டுடுங்க.

மண்ணெண்ணெய், பெட்ரோல், ஊதுபத்தி நெருப்பு, சுண்ணாம்பு எல்லாம் வேணாம். தோல் புண்ணாகும், உண்ணி ஒண்ணும் பயந்து இறங்காது. கடிவாய்ல தோல் கொஞ்சம் தடிச்சு நாலஞ்சு நாள் இருக்கும், அதைத் தோண்டாதீங்க.

#4 மருந்துச்சீட்டு
கற்பூர எண்ணெய் கண்டிப்பா கூடாது. கற்பூரம் தோல் வழியாவும் உள்ள போகும், நக்கினா நேராவே போகும். நாய் நக்காம இருக்குமா? வாந்தி, நடுக்கம், வலிப்பு வரைக்கும் கொண்டுபோகும். 8 கிலோ குட்டிக்கு ரொம்பக் கொஞ்சமே போதும். புகையிலை ஊறவச்ச தண்ணியும் அதே வகை, நிகோட்டின் விஷம். சோத்துல பூண்டு கலந்து கொடுத்தா உண்ணி ஒட்டாதுன்னு ஒரு பேச்சு உண்டு. பூண்டும் வெங்காயமும் நாயோட சிவப்பணுவை உடைக்கும். உண்ணிக் காய்ச்சலும் ரத்தத்தைத்தான் குறைக்கும். ரெண்டும் சேர்ந்தா என்ன ஆகும்னு பாருங்க.

மாட்டு மருந்துக் கடைப் புட்டி அநேகமா அமிட்ராஸ்ங்கிற உண்ணி மருந்து, 12.5% ஆ இருக்கும். அது நாய்க்கும் பயன்படுற மருந்துதான், ஆனா நாலு மாசத்துக்குக் கீழ உள்ள குட்டிக்கு வேணாம். உங்க குட்டிக்கு மூணு மாசம்கூட ஆகலை.

#5 கொட்டில்
அமிட்ராஸைப் பேய் மாதிரி காட்டாதீங்க சகோ. பத்துப் பன்னிரண்டு வளர்ந்த நாய் இருக்கிற இடத்துல ஒவ்வொண்ணுக்கும் மாசாமாசம் மாத்திரை வாங்கினா ஆகிற செலவு என்னன்னு தெரியுமா? ராஜபாளையம், சிப்பிப்பாறை வளர்க்கிறவங்க பல பேர் இன்னிக்கும் இதைத்தான் நம்பியிருக்காங்க. சரியாக் கலந்தா நல்லா வேலை செய்யும்.

#6 மருந்துச்சீட்டு
"சரியாக் கலந்தா" அப்படிங்கிற இடத்துலதான் எல்லாரும் வழுக்கி விழுறாங்க. வளர்ந்த நாய்க்கான கணக்கை முழுசா எழுதிடறேன்.

12.5% புட்டியில ஒரு மி.லி.க்கு 125 மி.கி. மருந்து. 1 லிட்டர் தண்ணிக்கு 2 மி.லி. போட்டா 0.025% கரைசல். இதுதான் வழக்கமான அளவு. சிரிஞ்சுல அளந்து ஊத்தணும். "ஒரு மூடி" கணக்கு கிடையாது, ஒவ்வொரு மூடியும் ஒவ்வொரு அளவு. புட்டியில வேற சதவீதம் போட்டிருந்தா இந்தக் கணக்கு செல்லாது.

முதல்ல சாதா ஷாம்புல குளிப்பாட்டி, ஈரத்தைத் துவட்டிடுங்க. தோல்ல புண், சொறி, வெட்டு இருந்தா அன்னிக்குத் தள்ளிப்போடுங்க. கையுறை போட்டு, காத்தோட்டமான இடத்துல, ஸ்பாஞ்சுல நனைச்சு முடியை எதிர்த்திசையில தள்ளித் தோல்ல படுற மாதிரி பிழியணும். கண், வாய், மூக்குப் பக்கம் போகக் கூடாது. அலசக் கூடாது. தானாக் காயணும், காயற வரைக்கும் கழுத்துல கூம்புப் பட்டை. கலந்ததை அன்னிக்கே தீர்த்துடுங்க, மிச்சம் வச்சு அடுத்த வாரம் பயன்படுத்தாதீங்க. மீதியை மீன் இருக்கிற குளம், தொட்டி பக்கம் கொட்டாதீங்க. சர்க்கரை நோய் உள்ள நாய்க்கு வேணாம், ரத்தச் சர்க்கரையை ஏத்தும். சர்க்கரை உள்ள மனுஷங்களும் இந்த வேலையை வேற ஆள்கிட்ட விடலாம்.

அதிகமாயிட்டா நாய் சொக்கிப் போகும், தள்ளாடும், உடம்பு சில்லுன்னு ஆகும், நாடி மெதுவாகும். உடனே சோப்புப் போட்டு மருந்தைக் கழுவி, துணி சுத்தி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க. புட்டியையும் கையில எடுத்துக்கங்க. இதுக்கு மாத்து மருந்து உண்டு, ஆனா எந்த மருந்து உள்ள போச்சுன்னு டாக்டருக்குத் தெரிஞ்சாதான்.

#7 கொட்டில்
2 மி.லி. கணக்கு சரி, ஒத்துக்கிறேன். குட்டிக்கு நானும் ஊத்தச் சொல்லலை.

#8 ஸ்டெத்
8.4 கிலோ, 11 வாரம்னா உங்களுக்கு ரெண்டு நல்ல வழி இருக்கு.

ஒண்ணு, மெல்லுற மாத்திரை. அஃபாக்ஸோலனர் (நெக்ஸ்கார்ட்) மாசம் ஒரு தடவை, ஃப்ளூரலனர் (ப்ராவெக்டோ) ஏறக்குறைய 12 வாரத்துக்கு ஒரு தடவை. ரெண்டுமே 8 வாரத்துக்கு மேல, 2 கிலோவுக்கு மேல கொடுக்கலாம். வளர்ற பெரிய இனக் குட்டிக்கு மாச மாத்திரைதான் என் தேர்வு. காரணம் எடை. இன்னிக்கு 8.4, நெக்ஸ்கார்ட்ல 4 முதல் 10 கிலோ பெட்டி. ரெண்டு மூணு வாரத்துல 10 தாண்டிடும், அடுத்த மாசம் 10 முதல் 25 கிலோ பெட்டி வாங்கிடலாம். மூணு மாச மாத்திரையை இன்னிக்குப் போட்டா, கடைசி மாசத்துல அந்த அளவு ரெண்டு மடங்கு எடைக்குப் பங்காகி நிக்கும். ப்ராவெக்டோவைச் சாப்பாட்டோட கொடுக்கணும், வெறும் வயித்துல உடம்புல சரியாச் சேராது.

பெரிய நாய் மாத்திரையை வாங்கி நாலா வெட்டி நாலு குட்டிக்குக் கொடுக்கிறது வேணாம். எல்லாத் துண்டுலயும் மருந்து சமமா இருக்கும்னு சொல்ல முடியாது. வலிப்பு வந்த நாய்ன்னா இந்த வகை மாத்திரைக்கு முன்னாடி டாக்டர்கிட்ட அதைச் சொல்லணும். அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 2018 ல இதுக்கு எச்சரிக்கையே கொடுத்திருக்கு.

ரெண்டாவது, ஃபிப்ரோனில் சொட்டு மருந்து. 10 கிலோ வரை 0.67 மி.லி. குழாய். நக்க முடியாத இடம், தோள்பட்டை ரெண்டுக்கும் நடுவுல, முடியைப் பிரிச்சு வெள்ளைத் தோல் தெரியணும், குழாய் முனை தோல்லயே படணும். முடி மேல விட்டா முடிக்குத்தான் மருந்து. முன்னாடி ரெண்டு நாள், பின்னாடி ரெண்டு நாள் குளியல் கிடையாது. ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டின சாயங்காலமே மருந்தை விட்டுட்டு "வேலை செய்யலை"ன்னு வர்றவங்கதான் அதிகம். அது தோலோட எண்ணெய்ப் பசையிலதான் பரவும். அந்தப் பசையைத்தான் காலையில கழுவிட்டீங்களே.

#9 பூனைக்கண்
பூனை இருக்குன்னு சொன்னதை யாரும் கவனிக்கலை! பெர்மெத்ரின் கலந்த நாய் சொட்டு மருந்து பூனைக்கு விஷம். நாய் மேல விட்டது காயறதுக்கு முன்னாடி பூனை அதை உரசினாலோ நக்கினாலோ நடுக்கம், வலிப்பு, சாவு. வாங்கும்போது அட்டையில மருந்துப் பேரைப் படிங்க. ப்ராண்ட் பேர் மட்டும் பார்த்து வாங்காதீங்க, ஒரே பேர்ல ரெண்டு மூணு கலவை வரும். அமிட்ராஸும் பூனைக்கு ஆகாது. நாய் மருந்தைக் குறைச்சு பூனைக்குப் போடுற வேலையே வேணாம்.

#10 வாலாட்டி
எல்லாருக்கும் நன்றி. நேத்து டாக்டரைப் பார்த்து மாச மாத்திரை கொடுத்தாச்சு. கற்பூரத்தை சாமிக்கே விட்டாச்சு. ஆனா இன்னிக்கும் காதுல மூணு உண்ணி இருக்கே? மாத்திரை போலியா?

#11 ஸ்டெத்
ரத்தத்துல மருந்து இருக்கு. உண்ணி கடிச்சுக் குடிச்சாதான் அதுக்குள்ள போகும். அதனால ஏறாம தடுக்காது, ஏறினதைக் கொல்லும். 48 மணி நேரம் வரைக்கும் எடுத்துக்கும். ஒண்ணை எடுத்து வெள்ளைத் தாள்ல போட்டுப் பாருங்க. கால் மடங்கி, தட்டையா, காஞ்சு இருந்தா மருந்து வேலை செய்யுது. கொழுத்துச் சாம்பல் நிறத்துல உருண்டிருந்தா மட்டும் எனக்குச் சொல்லுங்க.

இன்னொரு பக்கமும் இருக்கு. கடிச்சப்புறம்தான் சாகுதுங்கிறதால, நோய்க்கிருமி அதுக்குள்ள உடம்புக்குள்ள போக வாய்ப்பு இருக்கு. மாத்திரை போட்டாச்சுன்னு தினம் கையால தேடிப் பார்க்கிறதை நிறுத்தாதீங்க.

#12 சுண்ணாம்புச்சுவர்
இப்ப குட்டிதான் உங்க பொறி. வீட்டுல எங்க ஒளிஞ்சிருந்தாலும் ரத்தத்துக்கு அது மேலதான் ஏறியாகணும், ஏறினா சாகும். முட்டை வைக்கத் திரும்பிப் போறது நின்னாதான் வீடு காலியாகும். அதனால "இப்ப உண்ணியே இல்லை"ன்னு ரெண்டாவது மாசமே நிறுத்திடாதீங்க. குறைஞ்சது நாலு மாசம் விடாம. உண்ணி சாப்பாடே இல்லாம மாசக்கணக்குல இடுக்குல உட்கார்ந்திருக்கும்.

வீட்டுக்குச் செய்ய வேண்டியது: நிலை ஓரம், சுவர் விரிசல், உடைஞ்ச ஸ்கர்ட்டிங் எல்லாத்தையும் வெள்ளை சிமெண்ட் இல்லைன்னா சுவர்ல பூசுற புட்டி மாவு வச்சு அடைங்க. அடைக்கிறதுக்கு முன்னாடி உள்ள மருந்து அடிங்க. குட்டி படுக்கிற சாக்கு, பழைய போர்வையைத் தூக்கிப் போட்டுட்டு, வாரம் ஒரு தடவை கொதிக்கிற தண்ணியில அலசக்கூடிய பருத்தி விரிப்பா மாத்துங்க. முன்னாடி புல்லை ஒட்ட வெட்டிடுங்க, வெயில் தரையில படணும்.

தெளிக்கிறதுக்கு டெல்டாமெத்ரின் இல்லைன்னா சைபர்மெத்ரின். அளவுக்கு லேபிள்ல கட்டடத்துக்குன்னு போட்டிருக்கிறதைப் பாருங்க, பயிருக்குப் போட்டிருக்கிறதைப் பார்க்காதீங்க. அடிக்கும்போது குட்டி, பூனை, குழந்தை வெளியில. மீன் தொட்டி இருந்தா வேற வீட்டுக்கே கொண்டுபோயிடுங்க. முழுசாக் காஞ்சப்புறம்தான் எல்லாரும் உள்ள வரணும். பூனை இருக்கிற வீடுங்கிறதால இதுல கறாரா இருங்க. ஈரச் சுவர் பூனைக்கு ஆபத்து.

ஒரு தடவை அடிச்சா முட்டை சாகாது. பொரிக்க 2 முதல் 5 வாரம் ஆகும். அதனால 14 நாளுக்கு ஒரு தடவை, நாலு தடவை. காலண்டர்ல வட்டம் போட்டுடுங்க. மூணாவது தடவைக்கு முன்னாடி வீடு சுத்தமாத்தான் தெரியும், அங்கதான் எல்லாரும் கோட்டை விடறாங்க.

#13 கொட்டில்
சிமெண்ட் கொட்டிலா இருந்தா கேஸ் டார்ச்சால விரிசலைச் சுட்டு எடுக்கிறது மருந்தைவிட நல்லது, முட்டையும் சேர்ந்து போகும். வீட்டுக்குள்ள வேணாம். ஒயர், மரம், திரைச்சீலை இருக்கு.

#14 வாலாட்டி
குட்டி இன்னிக்குக் காலைச் சோறு பாதி வச்சிடுச்சு. விளையாடுது. உண்ணிக் காய்ச்சலா இருக்குமோன்னு பயமா இருக்கு. பாராசிட்டமால் சிரப் இருக்கு, கொடுக்கலாமா? பப்பாளி இலைச் சாறுன்னும் சொல்றாங்க.

#15 ஸ்டெத்
எதையும் கொடுக்காதீங்க. முதல்ல அளந்து பாருங்க.

டிஜிட்டல் தெர்மாமீட்டர், முனையில வாசலின், வாலைத் தூக்கி ஆசன வாயில 2 செ.மீ. உள்ள, பீப் வர்ற வரைக்கும். நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் சாதாரணம். மூக்கு சூடா இருக்கு, காது சூடா இருக்குன்னு காய்ச்சல் கணக்குப் போடாதீங்க. 103 தாண்டினா அன்னிக்கே டாக்டர்.

அடுத்தது ஈறு. மேல் உதட்டைத் தூக்கிப் பாருங்க, இளஞ்சிவப்பா ஈரமா இருக்கணும். விரலால அழுத்தி எடுத்தா வெள்ளையாகி, ரெண்டு செகண்டுக்குள்ள நிறம் திரும்பணும். வெளிறிப்போய் இருந்தா ரத்தம் குறையுது. வயிற்றுல முடி இல்லாத இடத்துல ஊசி குத்தின மாதிரி சிவப்புப் புள்ளி, மூக்குல ரத்தம் இருந்தா பிளேட்லெட் இறங்கியிருக்கலாம். சிறுநீர் கடுங்காப்பி நிறம்னா பேபீசியா (உண்ணி பரப்புற, சிவப்பணுவை உடைக்கிற ஒட்டுண்ணி) சந்தேகம், ராத்திரியா இருந்தாலும் கிளம்புங்க.

அங்க கேட்க வேண்டியது: முழு ரத்த எண்ணிக்கை, காது நுனியிலிருந்து எடுக்கிற ரத்த ஸ்மியர் (கண்ணாடியில தடவி மைக்ரோஸ்கோப்புல பார்க்கிறது), முடிஞ்சா பிசிஆர் (கிருமியோட மரபணுவைத் தேடுற சோதனை). நம்ம பக்கம் எர்லிகியா (உண்ணி பரப்புற பாக்டீரியா), பேபீசியா ரெண்டும் உண்டு, ஒரே நாய்க்கு ரெண்டும் சேர்ந்தும் வரும். ஸ்மியர்ல தெரியலைன்னா நோய் இல்லைன்னு அர்த்தம் இல்லை. மருந்து வேற வேறங்கிறதாலதான் பரிசோதனைக்கு இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன். எர்லிகியாவுக்கு டாக்ஸிசைக்ளின், வழக்கமா நாளுக்குக் கிலோவுக்கு 10 மி.கி., 28 நாள். பேபீசியாவை அது மட்டும் கொல்லாது. அதுலயும் பெரிய வகைக்கு இமிடோகார்ப் ஊசி வேலை செய்யும். கிப்சோனிங்கிற சின்ன வகைக்கு அந்த ஊசி போதாது, அட்டோவாகுவோனும் அசித்ரோமைசினும் சேர்த்துக் கொடுக்கணும், செலவு அதிகம்.

#16 மருந்துச்சீட்டு
டாக்ஸிசைக்ளின் எழுதிக் கொடுத்தாங்கன்னா ஒரு விஷயம். மாத்திரையை வெறும் தொண்டையில போட்டு வாயை மூடிப் பிடிக்காதீங்க. அது உணவுக் குழாயில ஒட்டினா அங்கயே புண்ணாக்கும். சோத்து உருண்டைக்குள்ள வச்சுக் கொடுத்து, பின்னாடியே சிரிஞ்சுல 5 மி.லி. தண்ணி கன்னத்து ஓரமா மெதுவா விடுங்க. பால், தயிர், கால்சியம் சிரப் அதே வேளையில வேணாம், ரெண்டு மணி நேரம் தள்ளி. அஞ்சாம் நாள் குட்டி துள்ளும். அப்ப நிறுத்திட்டா கிருமி உள்ள தங்கி, மாசங்கள் கழிச்சு எலும்பு மஜ்ஜை வரைக்கும் போய் நிக்கும். 28 னா 28.

பாராசிட்டமால் அளவு தப்பினா கல்லீரலும் சிவப்பணுவும் போகும். பூனைக்கு ஒரு மாத்திரையே சாவு. இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் அதைவிட மோசம், வயித்துப் புண், ரத்தக்கசிவு, சிறுநீரகம். பிளேட்லெட் குறைஞ்ச நாய்க்குக் கேட்கவே வேணாம்.

பப்பாளி இலைச் சாறு கிருமியைக் கொல்லாது. கசப்புக்கு வாந்தி எடுத்தா மாத்திரையும் சேர்ந்து வெளிய வந்துடும்.

#17 வாலாட்டி
102.1. ஈறு இளஞ்சிவப்பா இருக்கு. மதியச் சோறு முழுசாத் தின்னுடுச்சு. ஒருவேளை மெல்லுற மாத்திரையாலயா?

#18 ஸ்டெத்
இருக்கலாம், முதல் நாள் ரெண்டு நாள் லேசாப் பசி குறையும், சிலதுக்கு வாந்தி, பேதி. இன்னும் மூணு வாரத்துக்குக் காலைல ஒரு தடவை ஈறு, ஒரு தடவை தெர்மாமீட்டர். எர்லிகியா உடம்புல ஏறி வெளிய தெரிய 8 முதல் 20 நாள் ஆகும். தடுப்பூசித் தேதியைத் தள்ளாதீங்க. அடுத்த டோஸ் 12 வாரத்துலன்னா அன்னிக்கே போடுங்க, காய்ச்சல் இருந்தா மட்டும் டாக்டர் தள்ளிப்போடுவார்.

#19 வாலாட்டி
சரி. வீட்டுல மூணு வயசுக் குழந்தை இருக்கா. மனுஷங்களைக் கடிக்குமா?

#20 நாட்டுநாய்
அதுக்கு நாய்தான் பிடிக்கும், ஆனா வீட்டுல ரொம்பப் பெருகினா மனுஷனையும் கடிக்கும். உண்ணியால பரவுற ஒரு வகை டைஃபஸ் காய்ச்சல் இந்தியாவுல உண்டு. குழந்தை உடம்புல கண்டா அதே கிடுக்கி, அதே முறை. அடுத்த ரெண்டு வாரத்துல காய்ச்சலோ தடிப்போ வந்தா உண்ணி கடிச்சதை டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க. குட்டியும் குழந்தையும் ஒரே பாய்ல தூங்குறதை இந்த ரெண்டு மாசம் நிறுத்துங்க.

#21 வாலாட்டி
டார்ச் அடிச்சுப் பார்த்தேன். குட்டி படுக்கிற மூலைக்கு நேர் மேல, பரணோட அடிப்பக்கத்துல வரிசையா ஏறிக்கிட்டிருக்கு. பரண்ல பழைய சாக்கும் வீட்டுக்காரர் போட்டுவச்ச அட்டைப் பெட்டியும் இருக்கு.

#22 சுண்ணாம்புச்சுவர்
சாக்கை மேலயே கறுப்புக் குப்பைப் பைக்குள்ள போட்டு வாயைக் கட்டினப்புறம் கீழே இறக்குங்க, இல்லைன்னா வீடு பூரா உதிரும். பெட்டியும் அதே மாதிரி, வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு. பரண் அடி, அதைத் தாங்குற சுவரோட மேல் ஓரம், ரெண்டுக்கும் இன்னிக்கே முதல் தெளிப்பு. குட்டி படுக்கையை எதிர்ப் பக்கச் சுவருக்கு மாத்துங்க, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி. 14 நாள் கணக்கு இன்னிக்குத்தான் ஆரம்பம்.